தலையெண்ணலும் கருத்துக்கணிப்பும்: ஒரு சொல்லின் வரலாறும் ஒரு கரையோரத்தின் அனுபவமும்

ஆங்கிலத்திலே 'போல்' என வழங்கும் ஒரு சொல்லைத் தமிழிற் பெயர்க்குமிடத்து நாம் சூழலுக்கேற்ப மூன்று சொற்களை ஆளுகின்றோம். வரி பற்றிய பேச்சிலே அது 'தலை' ஆகித் 'தலைவரி' என நிற்கின்றது. தேர்தல் பற்றிய பேச்சிலே 'வாக்கெடுப்பு' ஆகின்றது. மக்களைத் தொலைபேசியில் அழைத்து அவர்தம் எண்ணங்களைக் கேட்டுத் தொகுக்கும் ஆய்வைக் குறிக்கும்போது 'கருத்துக்கணிப்பு' ஆகின்றது. ஒரு சொல்லை மூன்றாகப் பகுத்தல் குற்றமாகாது. பொருட்டெளிவுக்கு அது துணைசெய்யவும் கூடும். ஆயின் இம்மூன்றனுள் இறுதியாகக் கூறிய சொல் தான் குறிக்கும் செயலுக்குப் பொருந்துவதா என்பது ஆராயத்தக்கது. செய்தித்தாள்கள் வழங்கும் சொல்லை வழங்கியவாறே ஏற்றுவிடுதல் மொழியாராய்ச்சியில் ஈடுபட்டோர்க்கு அழகன்று.

இக்கட்டுரை அவ்வாங்கிலச் சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதன் ஒளியிலே நம் ஆட்சியை மதிப்பிட முயல்கின்றது. மதிப்பீட்டுக்கு உரைகல்லாகப் புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் கொள்ளப்படுகின்றது. மனிதனின் தலை ஓரிடத்தும், அவன் பெயர் எழுதப்பட்ட ஏடு வேறோரிடத்தும், அவன் வாக்கு பிறிதோரிடத்துமாக இருக்க நேர்ந்த கரை அது. எண்ணுதல் என்னும் தொழிலின் பொருளை அங்கு வாழ்வோர் அனுபவத்தால் அறிவர்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்திற் காணப்படும் 'போல்' என்னும் சொல் தலைமுடியையும், தலையையும், சிறப்பாக உச்சந்தலையையும் குறித்தது. தாழ்நிலச் செருமானிய மொழியிலும் பழைய ஒல்லாந்த மொழியிலும் இதன் உறவுச் சொற்கள் உள. தவளைக் குஞ்சினை ஆங்கிலேயர் 'ராட்போல்' என்பர். தேரைத்தலை என்பது அதன் பொருள். தமிழ்நாட்டார் அதே உயிரைத் 'தலைப்பிரட்டை' என்பர். உடலெல்லாம் தலையாகத் தோன்றும் அவ்வுயிரைக் கண்ட இரு மொழியாரும் தலையாலேயே அதற்குப் பெயரிட்டமை கவனிக்கத்தக்கது.

தலையைக் குறித்த சொல் தலையை எண்ணுதலைக் குறிக்கலாயிற்று. எண்ணியவர் அரசர், எண்ணியது வரிக்காக. இங்கிலாந்தில் 1377இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்டோர்மீது தலைக்கு நான்கு பென்சு வீதம் வரி விதிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின் இரண்டாவது தலைவரியும், 1380இல் மூன்றாவது தலைவரியும் வந்தன. வரிப் பட்டியலிலிருந்து தப்புவதற்காக மக்கள் தம் வீட்டிலுள்ளோரின் எண்ணிக்கையைக் குறைத்துக் கூறினர். 1381இல் உழவர் கிளர்ச்சி மூண்டது. அஃதாவது, தலையெண்ணலின் வரலாற்றிலே எண்ணுவோனின் ஆர்வமும் எண்ணப்படுவோனின் அச்சமும் ஒருங்கே தோன்றியவை. விடை கூறுவோன் உண்மையே கூறுவான் என எதிர்பார்த்தற்கு இடமில்லாத சூழலிலேதான் அச்சொல் வளர்ந்தது.

இலங்கையும் இவ்வனுபவத்துக்குப் புறம்பானதன்று. ஒல்லாந்தர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிலே தோம்பு என்னும் பதிவேடுகளைப் பேணினர். தோம்பு என்பது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். நிலத்தைப் பதிந்தது நிலத்தோம்பு. குடும்பத்தையும் அதன் உறுப்பினரையும் பதிந்தது தலைத்தோம்பு. யாழ்ப்பாணத்தில் நிலவரி, அதிகாரிவரி ஆகியவற்றோடு தலைவரியும் அவர் காலத்தில் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலே, 1848இல் தேசாதிபதி டொரிங்டன் காலத்தில் வந்த வீதிச் சட்டம், பதினெட்டு வயது முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது அதற்கு ஈடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. மக்கள் அதனைத் தலைவரியாகவே கருதினர். அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சியின் காரணங்களுள் இதுவும் ஒன்று.

பதினேழாம் நூற்றாண்டிலே ஆங்கிலச் சொல் மற்றுமொரு பொருளைப் பெற்றது. வரிக்காகத் தலையை எண்ணியவாறே தேர்தலில் ஆதரவாளரின் தலையை எண்ணினர். அதுவும் 'போல்' எனப்பட்டது. அடக்குவதற்காக எண்ணிய சொல் ஆள்வோரைத் தெரிதற்கு எண்ணும் சொல்லாயிற்று. இரு பொருளும் ஒன்றோடொன்று மோதியதும் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே தலைவரி செலுத்தாதவர்க்கு வாக்கில்லை என்னும் விதியால் கறுப்பின மக்களும் ஏழை வெள்ளையரும் வாக்கிழந்தனர். கூட்டாட்சித் தேர்தல்களில் இவ்விதி 1964இல் அரசியலமைப்புத் திருத்தத்தாலேயே ஒழிந்தது. பிரித்தானியாவிலே 1989-90இல் மார்கரெட் தாச்சரின் அரசு புகுத்திய வரியை மக்கள் பழைய பெயராலேயே தலைவரி என்றனர். அதற்கஞ்சி வாக்காளர் பதிவேட்டில் தம் பெயரைப் பதியாது விட்டோரும் இருந்தனர். ஒரு தலை எண்ணிக்கைக்கு அஞ்சி மற்றொரு தலை எண்ணிக்கையிலிருந்தும் மறைந்தனர் என்க.

மூன்றாவது பொருளே நமக்கு முதன்மையானது. 1824இல் அமெரிக்கச் சனாதிபதித் தேர்தலுக்கு முன்னரே செய்தித்தாள்கள் சில ஊர்களில் மக்களின் விருப்பத்தைக் கேட்டு வெளியிட்டன. காற்றின் திசையறிய வைக்கோலை எறிந்து பார்ப்பதுபோன்றது என அதற்கு வைக்கோலின் பெயரே சூட்டப்பட்டது. இவ்வழக்கம் நூறாண்டு வளர்ந்து 1936இற் பெருந்தோல்வி கண்டது. 'லிற்றரரி டைஜெஸ்ற்' என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு வாக்குத்தாள் அனுப்பி, இருபத்துமூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என்றது. றூஸ்வெல்ற் பெருவெற்றி பெற்றார். லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டு மாநிலங்களே. அச்சஞ்சிகை பெயர்களைப் பெரும்பாலும் தொலைபேசிப் பெயரேடுகளிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவுகளிலிருந்தும் எடுத்தது. பொருளாதார மந்தத்தின் நடுவிலே தொலைபேசியும் மோட்டாரும் வைத்திருந்தோர் யாவர்? மேலும், விடையளித்தோரும் விடையளியாதோரும் ஒரே மனப்பாங்கினர் அல்லர். அதே ஆண்டில் அதனிலும் மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு ஜோர்ஜ் கலப் வெற்றியாளரைச் சரியாகக் கூறினார். பெருந்தொகை உண்மைக்குப் பிணையாகாது என்பது அன்றே நிறுவப்பட்டது. அந்தக் கலப்பும் 1948இல் ட்ரூமன் தோற்பார் எனக் கூறிப் பிழைபட்டமை தனிக்கதை.

இத்தொழில் செய்வோர்க்குப் 'போல்ஸ்ரர்' என்னும் பெயர் 1939அளவில் அச்சில் வருகின்றது. அவ்விகுதி வன்குழுவினரையும் கூவி விற்போரையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் விகுதியே. 1949இல் லின்ட்சே றொஜர்ஸ் என்னும் அரசறிவியலாளர் அப்பெயரையே தலைப்பாக்கி இத்தொழிலைக் கண்டித்து ஒரு நூலெழுதினார். பின்னர் 1970களில், அமெரிக்க வீடுகளிற் பெரும்பாலானவற்றில் தொலைபேசி வந்தபின், எண்களை எழுமாற்றாக உருவாக்கி அழைக்கும் முறை பரவிற்று. தலையைத் தொட்டு எண்ணிய தொழில் தலையைக் காணாது குரலைக் கேட்டு எண்ணும் தொழிலாயிற்று. எனினும் ஆங்கிலம் பழைய சொல்லையே வைத்துக்கொண்டது.

இனித் தமிழுக்கு வருவோம். ஆங்கிலச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதினால் அது 'போல்' என்னும் உவம உருபாகிவிடுகின்றது. இது தற்செயலே, சொற்பிறப்பு எதுவும் இதில் இல்லை. ஆயினும் இத்தற்செயல் பொருளற்றதன்று. ஆய்வாளர் முழுமைக்கு ஈடாக எடுக்கும் சிறுபகுதியை நாம் 'மாதிரி' என்கின்றோம். அதே மாதிரி பேச்சுவழக்கிலே 'போல' என்னும் பொருளைத் தருகின்றது. ஆயிரம் பேரின் சொல் கோடிப் பேரின் சொல்லைப் போன்றது என்னும் உவமையே இவ்வாய்வின் அடிப்படை. உவமையிலே பொதுத்தன்மை எதுவென நாம் வினவுவது வழக்கம். எந்த வகையில் இந்த ஆயிரவர் அக்கோடியினரைப் போல்வர் என்பதே இங்கும் வினவவேண்டியது.

ஆனால் நாம் வழங்கும் சொல் இவ்வினாவை எழுப்பவில்லை. 'கருத்துக்கணிப்பு' என்பதிலுள்ள 'கணிப்பு', கணி என்னும் அடியிற் பிறந்தது. கணித்தல் எண்ணுதலையும் குறிக்கும். ஆயினும் தமிழர் வாழ்விலே கணிக்கப்படுவன சாதகமும் பஞ்சாங்கமும். கணியன் சோதிடன். ஆகவே இச்சொல்லைக் கேட்கும் வாசகன் நேற்றுக் கேட்கப்பட்ட வினாவுக்கு நேற்றுக் கூறப்பட்ட விடையை எண்ணுவதில்லை. நாளை நிகழப்போவதை முன்கூட்டி அறிந்த வாக்காகவே அதனைக் கொள்ளுகின்றான். முடிவு மாறிவிடின் 'கணிப்புப் பொய்த்தது' என்கின்றான். மழை பொய்த்தது என்பதுபோலச் சோதிடன் வாக்கும் பொய்த்தது என்றாகின்றது. எவரிடம் கேட்டார்கள், எவரை விட்டார்கள் என்ற வினா எழுவதேயில்லை. சிங்களத்தில் இதனை 'மத விமசும' என்பர். கருத்தை விசாரித்தறிதல் என்பது பொருள். அங்கு வினவுதலே சொல்லாகியது. ஆங்கிலச் சொல்லில் எண்ணப்படுவோனின் தலையேனும் எஞ்சியிருக்கின்றது. நம் சொல்லிலோ எண்ணப்படுவோன் இல்லை. கணிப்போன் மாத்திரமே இருக்கின்றான்.

தமிழிலே தலையை எண்ணும் வழக்கு இல்லாமலில்லை. 'தலைக்கு ஒரு படி' என்கின்றோம். ஆள்வீத வருமானத்தைத் தமிழ்நாட்டார் தலா வருமானம் என்பர். கோயில்வரிக்காகத் தலைக்கட்டு எண்ணும் வழக்கமும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்டு. அங்கு தலை எனப்படுவது பெரும்பாலும் மணமான ஆணின் குடும்பம். பெண்ணும் மணமாகாதோரும் தனித்தலையாக எண்ணப்படுவதில்லை. எது தலை என்பதை எண்ணுவோனே முடிவு செய்கின்றான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நினைவுகூர்தல் தகும். முதலாம் பராந்தகன் காலத்தன, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியன. அவை கூறும் குடவோலை முறையை மக்களாட்சித் தேர்தலின் முன்னோடி எனப் பாடநூல்கள் புகழ்கின்றன. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையிலெழுதிக் குடத்திலிட்டு, சிறுவனொருவனைக் கொண்டு எடுப்பிப்பது அம்முறை. ஆங்கே எவரும் வாக்களிக்கவில்லை, ஓலைகள் எண்ணப்படவுமில்லை. அது எழுமாற்றுத் தெரிவு. எனவே குடவோலையின் உண்மையான வாரிசு வாக்குப்பெட்டியன்று. இன்றைய மாதிரி ஆய்வே. அதன் வலிமையும் குறைபாடும் அப்படியே இதற்கும் உரியன. குடத்துள் கையிடுவோன் ஓலையைப் பாராது எடுத்தல் அதன் வலிமை. நிலமும் மனையும் கல்வியும் வயதும் உடைய பிராமண சபையினரின் பெயர்கள் மாத்திரமே குடத்துள் இடப்பட்டமை அதன் குறைபாடு. எடுத்தல் எத்துணை நேர்மையானதாயினும் குடத்துள் இல்லாத பெயர் வெளியே வராது. 1936இல் அமெரிக்கச் சஞ்சிகை பிழைபட்டதற்கு அதன் குடமும் ஒரு காரணம்.

இந்நோக்கோடு புத்தளம் கரையோரத்தைப் பார்ப்போம். இப்பகுதியை எண்ணிப் பதிந்தோருள் ஒருவர் இப்பகுதியிலேயே பிறந்தவர். கற்பிட்டியில் 1807இற் பிறந்த சைமன் காசிச்செட்டி, புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றியவர். 1834இல் இலங்கையின் ஊர்களையும் மக்களையும் அகரவரிசையில் விவரிக்கும் நூலொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களை நிரல்படுத்திய 'தமிழ் புளூட்டாக்' அவரே எழுதியது. ஊர்களைத் தொகுத்தவரே புலவர்களையும் தொகுத்தார். அவர் ஆட்சியாளரின் தேவைக்காகவும் எழுதினார் என்பதை மறத்தற்கில்லை. எனினும் தாம் பதிந்த கரையோரத்து முக்குவரையும் சோனகரையும் செட்டிகளையும் அவர் அறிந்திருந்தார். அவர்களின் வழக்காறுகளைப் பற்றித் தனியே எழுதினார்.

முதற் பொதுக் குடிசன மதிப்பு இலங்கையில் 1871இல் நிகழ்ந்தது. 2012ஆம் ஆண்டு மதிப்பின்படி புத்தளம் மாவட்டத்தில் ஏழு இலட்சத்து அறுபத்தீராயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இத்தொகையுள் அடங்கியோர் ஒருதன்மையர் அல்லர். உடப்பிலே திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் தமிழ் மீனவர் உளர். கற்பிட்டிக் குடாநாட்டிலும் புத்தளம் நகரிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் உளர். நீர்கொழும்பிலிருந்து வடக்கே சிலாபம் வரையுள்ள கத்தோலிக்க மீன்பிடிக் கிராமங்கள் சிலவற்றில் வீட்டிலே தமிழும் பாடசாலையிலே சிங்களமும் வழங்க, சிங்களவராகப் பதியப்பட்டோர் உளர். அவர்தம் தமிழ்ப் பேச்சினை மொழியியலாளர் தனிக் கிளைமொழியாக ஆராய்ந்துள்ளனர். தொலைபேசியில் வரும் குரல் இவர்களிடம் எம்மொழியில் வினவும்? எம்மொழியில் வினவினால் எவ்விடை வரும்? மொழியைத் தெரிதலே விடையின் ஒரு பகுதியைத் தெரிதலாகிவிடுகின்றது.

இதனிலும் கடுமையான நிலை 1990க்குப் பின் எழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் தம் மண்ணிழந்தனர். அவர்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திற் குடியேறினர். அன்று தொடக்கம் அவர்கள் மீண்டும் மீண்டும் எண்ணப்பட்டனர். உலருணவுக்காக எண்ணப்பட்டனர்; 2006இல் அகதிகளுக்கான ஐக்கிய நாடுகள் உயர் ஆணையர் அலுவலகம் நலன்புரி நிலையங்களில் ஓர் அளவீட்டை நடத்தியது; 2007இல் உலக வங்கியின் உதவியுடன் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோது குடும்பங்கள் மறுபடியும் பதியப்பட்டன. ஆயின் பலரின் வாக்குரிமை மன்னாரிலும் பிற வடமாவட்டங்களிலுமே நீண்டகாலம் பதிவாகி இருந்தது. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கான வாக்குகளைப் புத்தளத்தில் அமைக்கப்பட்ட நிலையங்களிலே அளித்த தேர்தல்களும் உண்டு. 2019 நவம்பர் 16ஆம் திகதி சனாதிபதித் தேர்தலன்று, வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னார் நோக்கிச் சென்ற முஸ்லிம்களின் பேருந்துத் தொடர்மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. உயிரிழப்பு நிகழவில்லை.

ஆங்கிலச் சொல்லின் வரலாற்றிலே தலையும் வாக்கும் ஒரே சொல்லாய் இணைந்தன. இக்கரையிலோ தலை புத்தளத்தில், வாக்கு மன்னாரில். இரண்டையும் ஓரிடத்திற் சேர்ப்பதற்கு ஒருவர் துப்பாக்கிக்கு முன்னால் பயணம் செய்யவேண்டியிருந்தது. அவ்வாறு பயணம் செய்தோரில் ஒருவரை ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்து 'நீர் எம்மாவட்டத்தவர்?' என வினவினால், அவர் கூறும் விடை எந்தக் கட்டத்துள் அடங்கும்?

தொலைபேசி இச்சிக்கலை எளிதாக்கவில்லை. இலங்கையில் கைத்தொலைபேசி 1989இல் அறிமுகமாயிற்று. இன்று இணைப்புகளின் தொகை மக்கள்தொகையை விஞ்சி நிற்கின்றது. ஒருவரிடம் இரண்டு எண்கள் உள. ஒரு குடும்பத்துக்கு ஒரே எண் என்ற நிலையும் உண்டு. எண் ஆண்மகனின் சட்டைப்பையில் இருப்பின் வீட்டுப் பெண்ணின் கருத்து எவ்வாறு வரும்? கடலுக்குச் சென்ற மீனவன் அழைப்புக்கு எவ்வாறு விடையளிப்பான்? எண் ஒன்றுக்குத் தலை ஒன்று என்னும் கணக்கு இங்கு செல்லாது. நேர்மையான ஆய்வாளர் இதனை அறிவர். சுகாதாரக் கொள்கைக்கான நிறுவகம் 2021 முதல் நடத்திவரும் கருத்தாய்விலே எழுமாற்றாக உருவாக்கிய கைத்தொலைபேசி எண்களோடு, முன்னரே எழுமாற்றாகத் தெரிந்து சேர்த்த ஒரு குழுவினரையும் அழைக்கின்றனர். பெற்ற விடைகளை நாட்டின் குடித்தொகை அமைப்புக்கேற்ப நிறையிட்டுச் சீர்செய்கின்றனர். அச்சீர்செய்கையே முதற்குடம் குறையுடையது என்பதன் ஒப்புதல். ஆனால் நம் செய்தித்தாள்களில் அவ்வாய்வு 'கணிப்பு' என்னும் சொல்லுள் அடங்கும்போது நிறையிடலும் மறைகின்றது, வழுவெல்லையும் மறைகின்றது, எஞ்சுவது ஆரூடமே.

தீயநோக்குடைய வகையும் உண்டு. ஆய்வெனச் சொல்லி அழைத்து, 'இன்ன வேட்பாளர் இன்ன குற்றம் செய்தவரென அறிந்தால் அவருக்கு வாக்களிப்பீரா?' என வினவி, வதந்தியைப் பரப்புவது அது. அமெரிக்கர் இதனைப் 'புஷ் போல்' என்பர். உந்தித் தள்ளும் வினவல் எனலாம். பொதுசன அபிப்பிராய ஆய்வுக்கான அமெரிக்கச் சங்கம் இதனைக் கண்டித்துள்ளது. ஆங்கே எவர் விடையும் எண்ணப்படுவதில்லை. அதனையும் நாம் 'கருத்துக்கணிப்பு' என்றே பெயர்ப்போமாயின் மெய்யாய்வுக்கும் போலிக்கும் வேறுபாடு காட்டச் சொல்லற்றவர்களாவோம்.

வழக்கில் ஊன்றிய சொல்லை மாற்றுதல் இயலாது என்பார் கூறுவது ஓரளவு உண்மையே. 'கருத்துக்கணிப்பு' எல்லார்க்கும் விளங்குகின்றது, எளிதிற் பழகிவிட்டது. அதனை அகராதியிலிருந்து நீக்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வேண்டுவது வேறுபடுத்தலே. மக்களை ஒருவர் விடாது எண்ணுவது மதிப்பு. 'குடிசன மதிப்பு' என்னும் ஆட்சியிலே எண்ணுதலும் மதித்தலும் ஒருங்கே நிற்றல் அச்சொல்லின் சிறப்பு. வாக்கை எண்ணுவது வாக்கெடுப்பு. தெரிந்தெடுத்த சிலரிடம் கேட்டறிவது கருத்து வினவல் அல்லது கருத்தாய்வு. அவ்விடைகளைக் கொண்டு வருவதுரைப்பதே கணிப்பு. இந்நான்கு தொழில்களுக்கும் நான்கு சொற்கள் நம்மிடம் உள. அவற்றை உரிய இடத்தில் ஆளுதல், சமூகவியலும் அரசறிவியலும் புள்ளிவிபரவியலும் தமிழிற் கற்போரும் கற்பிப்போரும் ஏற்கவேண்டிய கடமை. விடைத்தாளிலும் ஆய்வேட்டிலும் இவ்வேறுபாடு நிலைபெறுமாயின் செய்தித்தாளுக்கும் அது நாளடைவிற் சென்றுசேரும்.

எண்ணப்படுவோர்க்கு இது சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. ஒரு விழுக்காட்டைக் கண்டவுடன், குடத்துள் எவர் பெயர் இடப்பட்டது, எவர் பெயர் விடப்பட்டது எனக் கேட்கும் பழக்கம் வாசகர்க்கு வரவேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டிலே முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டியல்தோறும் பெயர் கொடுத்துவந்த மக்கள் தாம் எண்ணப்பட்டதை மறந்திலர். அவர்கள் எதற்காக எண்ணப்பட்டனர், எண்ணியபின் எவ்வாறு மதிக்கப்பட்டனர் என்பதைக் கேட்பது எண்களைப் படிக்கும் நமக்குரிய பொறுப்பாகும்.